12.11 மணிக்கு நெடுந்தீவில் நிழல் இல்லை

ஏப்ரல் 14, சித்திரை வருஷப்பிறப்பு. ஊரெல்லாம் மருத்துநீர் வைத்து முழுகிக்கொண்டிருந்த நேரத்தில் நான் யாழ்ப்பாணத்தில் குறிகட்டுவான் பஸ்ஸில் ஏறிவிட்டேன். கையில் ஒரு மீற்றர் நீளக் கம்பியும், மேசன்மார் வைத்திருக்கும் தூக்குக்குண்டும். அன்று நண்பகலில் சூரியன் நெடுந்தீவின் உச்சிக்கு நேரே வருகிறது, நிழல் இல்லாமல் போகும் என்று கணக்குச் சொல்கிறது. அதைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

ஆறு மணியளவில் பண்ணைப் பாலத்தில் பொழுது கிளம்பியது. சூரியன் கிழக்கே உதிக்கும் என்றுதான் படித்திருக்கிறோம். கைப்பேசித் திசைகாட்டியோ 81 பாகை என்றது. சரியான கிழக்கு 90. ஒன்பது பாகை வடக்கே தள்ளித்தான் அன்று உதயம். மார்கழியில் இதே பாலத்தில் நின்றால் சூரியன் கிழக்கிலிருந்து 24 பாகை தெற்கே எழும்பும்.

அல்லைப்பிட்டி, வேலணை, புங்குடுதீவு என்று முப்பது கிலோமீற்றர் அளவில் ஓடி பஸ் குறிகட்டுவானில் நின்றது. பட்டுச்சேலையும் பூச்சரமுமாகச் சனம் நயினாதீவு நாகபூசணி அம்மனிடம் போகப் படகுக்கு நின்றது. நெடுந்தீவு லோஞ்சில் கூட்டம் குறைவு. ஒரு மணித்தியாலக் கடல். சோளகக் காற்று இன்னும் தொடங்கவில்லை, அதனால் ஆட்டமும் இல்லை.

மாவிலித்துறையில் இறங்கியதும் முதலில் பட்டது வெக்கை, அடுத்தது பவளக்கல் வேலிகள். சாந்து இல்லாமல் கல்லின்மேல் கல்லாக அடுக்கியவை. தீவைச் சுற்றிக் காட்ட மூவாயிரம் ரூபாய் கேட்ட ஓட்டோக்காரர், கம்பியைப் பார்த்துவிட்டு விசாரித்தார். விஷயத்தைச் சொன்னேன்.

“சித்திரையிலை சூரியன் பூமிக்குக் கிட்ட வரும் அண்ணை. அதுதான் இந்த வெக்கை.”

பலரும் இப்படித்தான் நம்புகிறார்கள். உண்மை தலைகீழ். சூரியன் நமக்கு மிகக் கிட்ட இருப்பது ஜனவரி தொடக்கத்தில், 14 கோடி 70 இலட்சம் கிலோமீற்றரில். ஜூலைத் தொடக்கத்தில் அது 15 கோடி 20 இலட்சமாகிவிடும். கிட்ட வருவதுதான் காரணமென்றால், வாடைக் காற்றில் போர்த்திக்கொண்டு எழும்பும் மார்கழி, தை விடியல்கள்தான் கொதிக்க வேண்டும்.

வெயில் எவ்வளவு நேராக விழுகிறது என்பதுதான் காரியம். பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருக்கிறது. சாய்ந்தபடியே அது சூரியனைச் சுற்றுவதால், உச்சிச் சூரியன் ஆறு மாதம் வடக்கே போகிறது, ஆறு மாதம் தெற்கே திரும்புகிறது. ஏப்ரல் 5 அளவில் இலங்கையின் தென்முனையைத் தொட்டு, பத்து நாளில் யாழ்ப்பாணத்தைத் தாண்டும். இன்னும் வடக்கே போய் ஆசியப் பெருநிலத்தைச் சூடாக்கினால் காற்று அங்கே இழுபடும். நம் கடலில் சோளகம் வீசும். நிலம் ஆறியபின் வடகீழ்ப் பருவக்காற்று மழையோடு வரும்.

சாராப்பிட்டி நன்னீர்க் கிணறுகளடியில் இறங்கினோம். மணலில் கம்பியை ஊன்றி, தூக்குக்குண்டு பிடித்து நிமிர்த்தினேன். சரியாகப் பன்னிரண்டு மணிக்கு நிழல் மேற்கே ஐந்து சென்ரிமீற்றர் கிடந்தது. “உங்கடை கணக்குப் பிழைச்சிட்டுது” என்று ஓட்டோக்காரர் சிரித்தார். பிழைக்கவில்லை. இலங்கையின் கடிகாரம் 82.5 பாகை கிழக்கு நெடுங்கோட்டுக்கு வைக்கப்பட்டது. நெடுந்தீவு அதற்கு மேற்கே ஏறக்குறைய 2.8 பாகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு நாலு நிமிடம் என்றால், இங்கே நண்பகல் 12.11.

காத்திருந்தேன். நிழல் நாலு, மூன்று, ஒன்று எனச் சுருங்கிக் கம்பியின் அடியில் ஒதுங்கியது. 12.11க்குத் தேடினேன், இல்லை. கிணற்றை எட்டிப் பார்த்தேன். ஒன்பது மணிக்குப் பார்த்தால் கட்டின் நிழல் பிறை வடிவில் ஒரு பக்கத் தண்ணீரை மூடியிருக்கும். இப்போது வட்டம் முழுதும் வெளிச்சம், அடியில் கிடந்த கல் வரை தெரிந்தது. கழுத்தை நடுவே நீட்டினேன், என் தலையின் நிழல் மட்டும் தண்ணீரில். எகிப்தின் சயீன் ஊரில் ஜூன் மாதம் இப்படி நிழல் ஒழிவதை வைத்துத்தான் கிரேக்க அறிஞர் எரடோஸ்தனிஸ் இரண்டாயிரத்து இருநூறு வருடங்களுக்கு முன் பூமியின் சுற்றளவைக் கணித்தார்.

12.20க்கு நிழல் கிழக்கே நாலு சென்ரிமீற்றர் நீண்டிருந்தது. நகர்ந்தது சூரியனல்ல. பூமி தன்னைத்தானே சுற்றும் வேகம் இந்த இடத்தில் மணிக்குச் சுமார் 1,650 கிலோமீற்றர். பன்னிரண்டு மணிக்கும் 12.11க்கும் இடையில் இந்தத் தீவு கிணற்றையும் ஓட்டோவையும் எங்களையும் சுமந்துகொண்டு முந்நூறு கிலோமீற்றர் கிழக்கே போயிருக்கிறது. இரவும் பகலும் வருவது இந்த ஓட்டத்தால்தான்.

“வருஷம் பிறக்கிற நாளிலை உச்சிக்கு வாறது தெய்வச் செயல்தானே?” என்றார் அவர். ஒத்துப்போவது உண்மைதான், ஆனால் அது நம் காலத்துக்கு மட்டும். பூமியின் அச்சு தள்ளாடும் பம்பரம்போல் மெல்லச் சுழல்கிறது, ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 26,000 வருடம். நட்சத்திரத்தை வைத்துக் கணிக்கும் நம் பஞ்சாங்கத்தில் வருஷப்பிறப்பு ஏறத்தாழ 72 வருடத்துக்கு ஒரு நாள் பிந்துகிறது. ஆயிரம் வருடத்தில் அது ஏப்ரல் கடைசிக்குப் போய்விடும். அப்போது சித்திரை முதலாம் திகதி உச்சிச் சூரியன் நெடுந்தீவைத் தாண்டி வடக்கே நிற்கும்.

திரும்பும் வழியில் கிழக்கு மேற்காக ஓடிய ஒரு கல்வேலியில் ஓட்டோவை நிறுத்தச் சொன்னேன். போன ஆவணி தொடக்கம் நண்பகல் நிழல் இதன் வடக்குப் பக்கத்திலேதான் விழுந்தது. நாளைமுதல் தெற்குப் பக்கம் விழும், ஓகஸ்ட் 28 வரை. மத்தியானத்தில் ஆடு கட்டுகிறவர்கள் கயிற்றை மாற்றிக் கட்டலாம்.

நெடுந்தீவு வர முடியாதவர்களுக்கு: யாழ்ப்பாண நகரில் நிழல் ஒழிவது ஏப்ரல் 15, மதியம் 12.10 அளவில். சென்னையில் 24ஆம் திகதி. ஒரு நேரான கம்பி போதும்.