முதலில் வாயைப் பாருங்க

அந்த மீன் பண்ணை அக்கா ஒரு கவர் கட்ட அரை நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. பாலித்தீன் பையின் அடி மூலைகள் இரண்டையும் முதலில் ரப்பர் பேண்டால் இறுக்கி உருட்டிவிடுகிறார். சின்ன மீன் மூலையில் போய் ஒண்டி நசுங்கிவிடக் கூடாது என்பதற்காக. பிறகு பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். வலையில் அள்ளிய கப்பிகளை “லாபம்... ரெண்டு... மூணு...” என்று எண்ணி விடுகிறார். ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று தொடங்குகிற அந்தச் சந்தை வழக்கம் மீன் எண்ணும்போதும் மாறவில்லை. கடைசியில் பையை அமுக்கி உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றி, சிலிண்டர் குழாயைச் செருகி ஆக்சிஜன் விடுகிறார். பை பந்து போல உப்பியதும் வாயை முறுக்கி, மடித்து, இரண்டு ரப்பர் பேண்ட். அவ்வளவுதான்.

“முதல் நாளே தீனியை நிறுத்திடுவோம் தம்பி. வயிறு காலியா இருந்தாத்தான் வழியில தண்ணி கெடாது” என்றார், நிமிராமலே.

இடம் சென்னை கொளத்தூர். வில்லிவாக்கத்துக்கும் இரட்டேரிக்கும் நடுவே இருக்கும் இந்தப் பகுதிக்கு வண்ண மீன்தான் அடையாளம். வீட்டு மாடியிலும் பின்கட்டிலும் சிமெண்டுத் தொட்டி கட்டி மீன் வளர்த்த குடும்பங்கள் பல. மனை விலை ஏறிய பிறகு பலர் பண்ணையைச் செங்குன்றம், பொன்னேரி பக்கம் கொண்டுபோய்விட்டார்கள். கடைகளும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையும் இங்கேயே நிலைத்துவிட்டன. விடிவதற்குள் பண்ணைக்காரர்கள் கவர் கவராக மீன் கொண்டுவந்து இறக்கிவிடுகிறார்கள்.

நான் இங்கே வந்தது ஒரு கேள்வியோடு. போன வருடம் என் அக்கா மகன் பிறந்தநாளுக்கு இரண்டடித் தொட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். எங்கள் பக்கத்துக் கடையில் தொட்டியோடு அன்றைக்கே மீனும் கட்டிக் கொடுத்தார்கள். கோல்டு ஃபிஷ் இரண்டு, உள்ளங்கை அளவில் ஏஞ்சல் இரண்டு, நியான் டெட்ரா ஆறு, டைகர் பார்ப் நான்கு, ஃபைட்டர் ஒன்று, தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி ஒரு சக்கர். மொத்தம் பதினாறு. ஒன்பதாம் நாள் உயிரோடு இருந்தவை டைகர் பார்ப் நான்கும் சக்கரும் மட்டும்தான். ஒவ்வொரு காலையும் அந்தப் பிள்ளை வலையோடு போய்ச் செத்த மீனை எடுத்து மல்லிகைச் செடியடியில் புதைத்தான். ஆறாம் நாளுக்குப் பிறகு அவன் தொட்டிப் பக்கமே போகவில்லை. அது என்னை ரொம்பவும் உறுத்தியது. மீன் ஏன் செத்தது என்று யாராவது எனக்குச் சரியாகச் சொல்ல வேண்டும், அதை நான் அவனுக்குச் சொல்ல வேண்டும்.

நண்பர் ஒருவர் அறிமுகப்படுத்திவிட்ட பண்ணைக்காரர் அறுபதைத் தாண்டியவர். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்கை வரை பாசி வாசனையோடு நின்றார். நான் பட்டியலைச் சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது.

“தொட்டியில தண்ணி ஊத்துன அன்னிக்கே மீனா சார்?”

“ஆமாண்ணே.”

“அப்ப கோல்டுதான் முதல்ல மேல வந்து வாயைப் பொளந்திருக்கும்.”

அப்படியேதான் நடந்தது. மூன்றாம் நாள் இரண்டும் தண்ணீரின் மேல் மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடின. செவுள் ரத்தச் சிவப்பாக இருந்தது. காற்று போதவில்லை என்று நினைத்து நாங்கள் இன்னொரு ஏர் பம்ப் வாங்கி மாட்டினோம்.

அவர் ஒரு சிமெண்டுத் தொட்டிக்குள் கைவிட்டு, ஓடிக்கொண்டிருந்த ஸ்பாஞ்ச் ஃபில்டரை வெளியே எடுத்தார். கறுத்துப்போன பஞ்சு. அதை ஒரு மக்கில் பிழிந்தார். டீ டிகாக்‌ஷன் நிறத்தில் தண்ணீர் இறங்கியது. “இந்த அழுக்கு உங்க தொட்டியில இல்ல. அதான் விஷயம்” என்றார்.

அந்தப் பழுப்பு நீரில் இருப்பது பாக்டீரியா. மீனின் கழிவும் மிச்சமான தீனியும் தண்ணீரில் அம்மோனியாவாகின்றன. அம்மோனியா மீனுக்கு நஞ்சு. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றுகிறது. நைட்ரைட்டும் நஞ்சுதான். இன்னொரு வகை அதையும் தின்று நைட்ரேட்டாக மாற்றிவிடும். நைட்ரேட்டால் அவ்வளவு கெடுதல் இல்லை, வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றினால் கட்டுக்குள் இருக்கும். புதுத் தொட்டியில் இந்த இரண்டு வகையும் போதிய அளவு பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன் தன் கழிவிலேயே வெந்துகொண்டிருக்கும். நம் ஊர் வெயிலும் போர்த் தண்ணீரின் காரத்தன்மையும் சேர்ந்தால் அம்மோனியாவின் நச்சு இன்னும் ஏறும். எங்கள் கோல்டு ஃபிஷ் செத்தது காற்றில்லாமல் அல்ல.

புதுத் தொட்டியை என்ன செய்வது? தண்ணீர் ஊற்றி, ஃபில்டரை ஓடவிட்டு, மீன் இல்லாமலே தினம் ஒரு சிட்டிகை தீனி போட்டுவர வேண்டும். அது அழுகி அம்மோனியா ஆகும், பாக்டீரியாவுக்கு அதுதான் சாப்பாடு. நோயில்லாத பழைய தொட்டியின் ஸ்பாஞ்ச் ஒன்று கிடைத்தால் காத்திருப்பு பாதியாகக் குறையும். அந்த ஸ்பாஞ்சை மாதம் ஒருமுறை அலசினால் போதும், அதுவும் தொட்டித் தண்ணீரிலேயே. குழாயடியில் தேய்த்துக் கழுவினால் வளர்த்ததெல்லாம் சாக்கடையில் போய்விடும். கார்ப்பரேஷன் தண்ணீரில் குளோரின் இருக்கும். ஒரு நாள் முழுக்கப் பிடித்துவைத்துக் காற்று ஓட்டிய பிறகே ஊற்ற வேண்டும், அல்லது கடையில் விற்கும் ஆண்டி குளோரின் சில துளி விட வேண்டும்.

“நியான் எங்க போச்சுன்னு தெரியலன்னு சொன்னீங்கல்ல?” என்றபடி அவர் ஏஞ்சல் தொட்டிக்கு அழைத்துப்போனார்.

ஆறு நியானில் இரண்டைத்தான் செத்த உடலாகப் பார்த்தோம். மற்ற நான்கும் காணாமல் போயிருந்தன. தாவிக் கீழே விழுந்திருக்கும் என்று சோபாவுக்கு அடியில்கூடத் தேடினோம். தாய் ஏஞ்சல்கள் அங்கே ஒயிலாக மிதந்துகொண்டிருந்தன. அமேசான் படுகை மீன் அது, நியானும் அதே படுகையைச் சேர்ந்ததுதான். ஒரே ஊர்க்காரர்கள்தானே என்று சேர்த்து விட்டால், பெரியது சின்னதைத் தின்னும். அங்கேயும் அதுதான் நடக்கிறது.

“நிறத்தைப் பாக்காதீங்க சார், முதல்ல வாயைப் பாருங்க. அந்த வாய்க்குள்ள போற எதுவும் அதுக்குத் தீனி. ரெண்டாவது, இது வளந்தா எவ்வளவு வரும்னு கேளுங்க. மூணாவது, குணம்.”

இந்த மூன்றில் அவர் அதிகம் பேசியது வளர்த்தியைப் பற்றித்தான். எனக்கும் அதுதான் மிகப் பெரிய விஷயமாகப் பட்டது. கடையில் எல்லா மீனும் விரல் நீளத்தில்தான் இருக்கிறது. ஆஸ்கர் ஒரு அடி வளரும். சக்கர் ஒன்றரை அடியை எட்டும், பாசி தின்று அலுத்ததும் ஏஞ்சல், கோல்டு போன்ற மெதுவாக நீந்தும் மீன்களின் மேல் ஒட்டிக்கொண்டு வழவழப்பைச் சுரண்டும். குட்டி ஷார்க் என்று வெள்ளிப் பளபளப்போடு ஒரு மீன் விற்கிறதே, அது சுறாவே அல்ல. ஓட்டல்களில் பாசா என்ற பெயரில் துண்டு போட்டுப் பொரிக்கும் அதே கெளுத்தி இனம்தான். ஒரு மீட்டருக்கு மேல் வளரக்கூடியது. அதை இரண்டடிக் கண்ணாடிக்குள் விடுவது பிழை. விற்கிறவர் சொல்லாமல் இருப்பது அதைவிடப் பெரிய பிழை.

ஃபைட்டரின் வால் கிழிந்ததற்குக் காரணம் டைகர் பார்ப். கூட்டமாக வாழும் மீன் அது. எட்டு, பத்து சேர்ந்திருந்தால் தங்களுக்குள்ளேயே துரத்தி விளையாடும். மூன்று, நான்கு மட்டும் இருந்தால் பக்கத்தில் நீளமாகத் தொங்கும் எந்தத் துடுப்பையும் கடிக்கும். ஃபைட்டருக்கோ அந்த வாலைத் தூக்கிக்கொண்டு ஓடவும் முடியாது. கோல்டு ஃபிஷ் குளிர்ந்த நீரில் பழகிய கெண்டை இனம். சீனாவில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வளர்த்து உருவாக்கியது. நிறையத் தின்னும், நிறையக் கழிக்கும், கையளவு வளரும். கோல்டுக்குக் கோல்டுதான் ஜோடி. வட்டக் கண்ணாடி ஜாடி அதற்கு இடமே அல்ல. ஜாடியின் வாய் குறுகக் குறுகத் தண்ணீர் மேல்பரப்பும் குறைகிறது, காற்று கலப்பதும் குறைகிறது.

பண்ணையின் பின்பக்கம்தான் என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது. கொட்டகை முழுக்கக் கண்ணாடி பாட்டில்கள், பாட்டிலுக்கு ஒரு ஆண் ஃபைட்டர். நடுநடுவே அட்டை செருகியிருந்தது. கவர் கட்டிய அந்த அக்கா ஒரு அட்டையை உருவிக் காட்டினார். இரண்டு பக்கமும் ஒரே நொடியில் செவுள் மூடி குடையாக விரிந்தது, நீல உடம்பு கறுத்தது, துடுப்பெல்லாம் விறைத்தது. உடனே அட்டையைத் திரும்பச் செருகிவிட்டார். “ரொம்ப நேரம் வெச்சா பாவம், களைச்சுப்போயிடும்.”

இந்த முரட்டு ஆண்தான் நுரையால் கூடு கட்டுகிறது. வாயால் குமிழி குமிழியாக ஊதி, நீரின் மேல் ஒட்டவைத்து, கீழே விழும் முட்டைகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்விக் கொண்டுபோய்க் குமிழியில் பதிக்கிறது. முட்டையிட்டு முடித்த பெண்ணை உடனே எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் ஆண் கடித்தே கொன்றுவிடும். இரண்டு நாளில் குஞ்சு பொரியும். நுரையிலிருந்து நழுவும் குஞ்சைத் தகப்பன் மறுபடி மறுபடி பிடித்துக் கொண்டுபோய் ஒட்டும். அதற்குப் போடும் முதல் தீனி கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர். வாழைப்பழத் தோல் ஊறிய தண்ணீரில் அதைத் தனியாக வளர்க்கிறார்கள். தாய் மீன் தொட்டியில் காய்ந்த நாட்டு வாதாம் இலை ஒன்று மிதந்தது. தண்ணீரைத் தேநீர் நிறமாக்கி மீனைச் சாந்தப்படுத்துமாம்.

அக்கா பாட்டில் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தார். டீ வடிகட்டியில் மீனைச் சாய்த்து, பாட்டிலை ஒரு சுழற்று சுழற்றிக் கழுவி, புதுத் தண்ணீர் பிடித்து, மீனை வழுக்கிவிடுகிறார். வாலில் ஒரு இழைகூடக் கிழிவதில்லை. கிழிந்தால் விலை பாதி. தரம் பிரிப்பது, ஆண் பெண் பார்ப்பது, எண்ணுவது எல்லாம் நான் பார்த்தவரை பெண்களின் கையில்தான் இருந்தது. அரை அங்குலக் கப்பிக் குட்டியில் எது ஆண், எது பெண் என்று அவர் பிரிக்கிற வேகத்துக்கு என் கண் ஓடவில்லை. “அடித்துடுப்பு கூரா இருந்தா ஆம்பள, விசிறியா இருந்தா பொம்பள” என்று சொல்லிக் கொடுத்தார். பத்து மீனில் நான்கைத் தப்பாகச் சொன்னேன். நாள் முழுக்க ஈரத்தில் நின்று விரலிடுக்கு வெளுத்துப்போன இந்தப் பெண்களுக்குத் தினக்கூலிதான். இவர்கள் அறிவை அறிவென்று நாம் எங்கேயும் எழுதிவைக்கவில்லை.

பாட்டிலில் ஃபைட்டர் உயிரோடு இருப்பதற்குக் காரணம், அது மேலே வந்து வெளிக்காற்றையும் சுவாசிக்கக்கூடியது என்பதுதான். அதற்காக பாட்டிலையே அதன் வீடு என்று எண்ணிவிடக் கூடாது. விற்கும்வரை ஒதுங்கும் இடம் அது. வீட்டில் பத்து, பதினைந்து லிட்டராவது வேண்டும், தனியாக.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலைப் பற்றிக் கேட்டபோதுதான் பண்ணைக்கார அண்ணன் உட்கார்ந்தார். தொட்டி விளிம்புக்கு மேலே வெள்ளம் போனதும் எல்லா மீனும் ஒன்றாகிவிட்டன. மின்சாரம் இல்லை, பம்ப் இல்லை. பல வருடம் தேர்ந்தெடுத்துச் சேர்த்த தாய் மீன்கள் தெருவில் போயின. “குட்டிய வாங்கிடலாம் சார். தாய் மீனை உடனே வாங்க முடியாது.” அதற்குமேல் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை.

கிளம்பும்போது எங்கள் தொட்டிக்கு என்ன விடலாம் என்று கேட்டேன். இரண்டுக்கு ஒன்று, உயரமும் ஒன்று, நிரப்பினால் சுமார் ஐம்பது லிட்டர். யோசித்துச் சொன்னார்: முதலில் ஸீப்ரா ஆறு, அதற்குக் குறையக் கூடாது, கூட்டத்தில்தான் அது தைரியமாக நீந்தும். இரண்டு வாரம் கழித்து பிளாட்டி மூன்று, அதில் ஆண் ஒன்றுதான். ஆண் கூடினால் பெண்ணைத் துரத்தியே களைக்கவைத்துவிடும். இரண்டுமே நம் தண்ணீரைத் தாங்கும். பிளாட்டி குட்டி போட்டுக்கொண்டே இருக்கும். ஒளிய இடம் கிடைக்காத குட்டிகளை மற்ற மீன்கள் தின்றுவிடும், தொட்டி நிரம்பி வழியாது. தீனி காலை ஒரு வேளை, மாலை ஒரு வேளை, இரண்டு நிமிடத்தில் காலியாகும் அளவு. “மீனோட வயிறு அதோட கண்ணு அளவுதான் சார்.” வீட்டுக்குப் போனதும் கவரை அப்படியே கால் மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட வேண்டும். பிறகு தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கவருக்குள் விட வேண்டும். கடைசியில் மீனை மட்டும் வலையில் எடுத்து விட வேண்டும், கவர் தண்ணீரை ஊற்றக் கூடாது.

அன்றைக்கு அவர் எனக்கு மீன் விற்கவில்லை. பழைய ஸ்பாஞ்ச் ஒன்றைத் தண்ணீரோடு கவரில் கட்டிக் கொடுத்து, காசு வாங்க மறுத்துவிட்டார். அதைத்தான் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அக்கா மகனிடம் ஏன் செத்தது என்பதை ஒவ்வொரு மீனாகச் சொன்னேன். கடைசியில் அவன் கேட்டது ஒன்றுதான்: “அப்ப என் தப்பு இல்லையா மாமா?” மூன்று வாரம் மீனில்லாத தொட்டிக்கு அவனே தினம் தீனி போட்டான். நான்காவது வாரம் ஸீப்ரா வந்தது. ஏழு மாதமாகிறது, ஆறும் இருக்கின்றன.

மிச்சமிருந்த டைகர் பார்ப்பையும் சக்கரையும் அதற்கு முன்பே அண்ணனிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டோம். நம் ஏரிகளிலும் ஆறுகளிலும் இன்று மீனவர் வலையைக் கிழிக்கும் முள் உடம்புச் சக்கரில் பல, யாரோ வளர்க்க முடியாமல் கொண்டுபோய்க் கொட்டியவற்றின் வம்சம்தான். தயவுசெய்து எந்தத் தொட்டி மீனையும் குளத்திலோ ஏரியிலோ விடாதீர்கள், வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கொளத்தூர் போகிறீர்கள் என்றால் முதல் தடவை தொட்டியும் ஃபில்டரும் மட்டும் வாங்கிவாருங்கள். மீனுக்கு ஒன்றரை மாதம் கழித்துப் போங்கள்.