வக்கீல் வெச்சா கேஸாயிடுமே!



மாங்கனித் திருவிழாவில் பழம் இறைத்து மூன்று நாள் ஆகியிருந்தது. பாரிஸில் ராத்திரி ஒன்பது மணி, வெளியே இன்னும் வெளிச்சம். காரைக்காலில் அப்போது பன்னிரண்டரை. அந்த நேரத்தில் ஊரிலிருந்து போன் வந்தால் வெளிநாட்டில் இருப்பவனுக்கு முதலில் சாவுச் செய்திதான் நினைவுக்கு வரும். எடுத்தால் அக்கா.

“தம்பி, நாகப்பட்டினத்துல உனக்குத் தெரிஞ்ச பெரிய ஆளு யாராச்சும் இருக்காங்களா?”

அக்கா மகன் சிநேகிதனின் ஸ்கூட்டரில் நாகூர் பக்கம் போயிருக்கிறான். வாஞ்சூரைத் தாண்டியதும் வண்டிச் சோதனை. ஊதச் சொன்னார்கள், ஊதியிருக்கிறான். டிக்கியைத் திறந்தால் ஊரில் பில் போட்டு வாங்கிய பாட்டில்கள். வண்டியையும் பையனையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

குடித்துவிட்டு வண்டியைத் தொட்டதில் எனக்கு அவன்மேல் கோபம்தான், இன்றும் தீரவில்லை. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் சாராயம் தாண்டினால் நம் நாட்டில் குற்றம். பிரான்சில் அதுவே 50. நம் சட்டம்தான் கண்டிப்பானது. முதல் தடவைக்கே 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

பாட்டில் விஷயம் வேறு. ராஜாஜி 1937-இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்குச் சட்டம் காரைக்காலுக்கு வரவில்லை. நாம் அப்போது பிரெஞ்சுக்காரன் கையில் இருந்தோம். 1954 நவம்பர் 1-க்குப் பிறகும் நமக்குத் தனிக் கலால் சட்டம்தான். தமிழ்நாட்டில் டாஸ்மாக் கடை தெருவுக்குத் தெரு வந்த பின்னும் அந்த 1937 சட்டம் உயிரோடு இருக்கிறது. நம் கடையில் பில்லோடு வாங்கியது, நம்மைச் சுற்றி மூன்று பக்கமும் இருக்கும் எல்லையைத் தாண்டிய அடியில் கடத்தல் சரக்கு. வண்டியையே பறிமுதல் செய்ய அந்தச் சட்டத்தில் இடம் உண்டு. அப்பன் பாட்டன் காலத்திலிருந்து எல்லையில் வாழ்கிற நாம் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்ப்பதில்லை.

“பெரிய ஆளைத் தேடாதேக்கா, வக்கீலைத் தேடு” என்றேன்.

“ஐயோ, வக்கீல் வெச்சா கேஸாயிடுமே!”

கேஸ் ஏற்கெனவே ஆகிவிட்டது என்று அவளுக்குப் புரியவைக்க எனக்குக் கால் மணி நேரம் ஆனது. அவள்மேல் குறை இல்லை. 2021 ஜூனில் சேலம் பாப்பநாயக்கன்பட்டிச் சோதனைச்சாவடியில், பக்கத்து மாவட்டத்தில் குடித்துவிட்டுத் திரும்பிய ஒருவரைப் போலீஸ்காரர் அடித்ததில் அவர் இறந்தே போனார். எந்தத் தாய் அதை மறந்திருப்பாள்? அவளுக்கு அந்த நிமிஷம் சட்டம் வேண்டாம், பிள்ளை வீட்டுக்கு வந்தால் போதும்.

இந்தப் பயத்தை நான் இங்கேயும் பார்க்கிறேன். போலீசுக்கும் கோர்ட்டுக்கும் தமிழ் மொழிபெயர்ப்பது என் தொழில். வண்டியில் பிடிபட்ட ஒரு தமிழர். ஊரும் பேரும் சொல்ல எனக்கு உரிமையில்லை. சின்ன அறை, இரும்பு மேஜை, பெல்ட்டும் ஷூ கயிறும் கழற்றி வாங்கிவிட்டார்கள். வக்கீல் கேட்க உரிமை உண்டு, காசில்லையென்றால் அரசே தரும், வாய் திறக்காமல் இருக்கவும் உரிமை உண்டு என்று வரி வரியாகத் தமிழில் சொன்னேன். அவர் என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்: “வக்கீல் வேணாம்ண்ணே. கேட்டா தப்பு செஞ்சவன்னு நெனச்சுடுவாங்க.” அதையும் மொழிபெயர்ப்பதுதான் என் வேலை. மொழிபெயர்த்தேன். அந்த அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு, மறுபடி ஒருமுறை கேட்கச் சொன்னார்.

பிரான்சிலும் இந்த உரிமை வானத்திலிருந்து விழவில்லை. 2011 ஏப்ரல் 14-ஆம் தேதிச் சட்டம் வந்த பிறகுதான் விசாரணை நடக்கும்போது வக்கீல் பக்கத்தில் உட்கார முடிந்தது. அதற்கு முன் அரை மணி நேரம் பார்த்துப் பேசிவிட்டு எழுந்துபோக வேண்டியதுதான். நம் நாட்டில் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 38-ஆம் பிரிவு, விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்க விடுகிறது, முழு நேரமும் உடனிருக்க விடுவதில்லை. அது போதாது என்பது என் எண்ணம். ஆனால் இருப்பதையே நாம் கேட்பதில்லையே.

அக்கா கடைசியில் காரைக்கால் கோர்ட்டில் பழகிய ஒரு வக்கீலம்மாவை எழுப்பினாள். “நாம புதுச்சேரி, அது தமிழ்நாடு, அவங்க வரலாமா?” என்று அதற்கும் ஒரு சந்தேகம். தாராளமாக வரலாம். இரண்டுக்கும் பார் கவுன்சில் ஒன்று, மேலே சென்னை உயர் நீதிமன்றமும் ஒன்று. சரக்குக்குத்தான் எல்லை, கறுப்புக் கோட்டுக்கு இல்லை.

அவர் விடிவதற்குள் போய்ச் சேர்ந்தார். சத்தம் போடவில்லை, யார் பேரையும் சொல்லி மிரட்டவில்லை. ஊதிய கருவி காட்டிய அளவுக்குச் சீட்டு எங்கே என்று கேட்டார். கைதுக்கான காரணத்தை எழுத்தில், தமிழில் கொடுங்கள் என்றார். மும்பையில் கார் மோதிப் பெண்ணொருவர் இறந்த வழக்கில் 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது அது: எந்தக் குற்றமானாலும் காரணத்தைக் கைதானவருக்குப் புரியும் மொழியில் எழுதிக் கொடுக்க வேண்டும், உடனே முடியாவிட்டால் ரிமாண்டுக்கு நிறுத்துவதற்கு 2 மணி நேரத்துக்கு முன்பாவது கொடுக்க வேண்டும். பையனிடம் அவர் சொன்னது ஒன்றே ஒன்று: “படிக்காம எதுலயும் கையெழுத்துப் போடாதேப்பா.” மறுநாள் சாயங்காலம் ஜாமீனில் வந்துவிட்டான்.

அவருக்குக் கொடுக்க அக்காவிடம் பணம் இருந்தது. இல்லாதவர்கள் 15100 என்ற எண்ணைக் கூப்பிடலாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், காவலில் இருப்பவர் யாராயினும் அவருக்கும் வருமானக் கணக்குப் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. கேட்கத் தெரியாதவனுக்கும் கொடுத்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1986-லேயே சொல்லிவிட்டது.

இனி நான் சொல்லப்போவதைத் தயவுசெய்து வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள். பையன் வெளியே வந்ததும் மாமா, சித்தப்பா, தெருக்காரர் எல்லோரும் சொன்னது: “ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டு வந்துடு, ஒரே நாள்ல முடிஞ்சிடும்.” ஒத்துக்கொண்டால் அது தண்டனை பெற்றதாகப் பதிவாகும். ஒத்துக்கொள்ளாமல் இழுத்தாலோ, குற்றப்பத்திரிகை கோர்ட்டில் ஏறிய பின் 1967 பாஸ்போர்ட் சட்டத்தின் 6-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். கோர்ட் அனுமதி வாங்கினால்தான் பாஸ்போர்ட். கோர்ட் காலம் குறிப்பிடாவிட்டால் அதுவும் ஓராண்டுக்குத்தான். வீட்டுக்கொருவர் பிரான்சிலோ சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கும் ஊர் நம்முடையது. என் தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய். அவருடைய பிரெஞ்சுக் காகிதத்தில்தான் நாங்கள் கப்பலேறினோம். என் மருமகனுக்கு இருப்பது வெறும் இந்திய பாஸ்போர்ட், அதுவும் வருகிற வருஷம் புதுப்பிக்க வேண்டியது. ஒத்துக்கொள்வதா, நடத்துவதா என்பதைக் காகிதங்களைப் பார்த்துவிட்டு வக்கீல்தான் சொல்ல வேண்டும், திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் அல்ல.

ஸ்கூட்டர் இன்னும் வரவில்லை. சீட்டு கிழிந்து, உப்புக்காற்றில் துருவேறி நிற்பதாக அவன் போட்டோ அனுப்பியிருக்கிறான். பிடித்த வண்டிகளை ஸ்டேஷனில் போட்டு மக்கவிடாதே என்று 2002-இல் குஜராத் வழக்கொன்றில் வந்த தீர்ப்பைக் காட்டி வக்கீலம்மா மனுப் போட்டிருக்கிறார். வண்டிச் சொந்தக்காரச் சிநேகிதன் பேசுவதை நிறுத்திவிட்டானாம்.

அடுத்த வாய்தா புதன்கிழமை. நாகப்பட்டினம் பஸ்ஸில் அக்காவும் கூடப் போகிறாள். வக்காலத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று இந்தத் தடவை அவளே கேட்டு வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாளாம்.