காரை ஓடைகளில் தை மாதம்

திருச்சியிலிருந்து சென்னை நெடுஞ்சாலையில் வந்து பாடாலூரில் கிழக்கே திரும்பினால், சிறிது தொலைவில் காரை என்னும் சிற்றூர். ஊருக்கு அப்பால் நிலம் பிளவுபட்டு, மொட்டைக் களிமண் மேடுகளும் அவற்றிடையே நெளிந்து செல்லும் வறண்ட ஓடைகளுமாக விரிகிறது. புல்லும் முளைக்க அஞ்சும் இம்மண்ணைக் காணவா வந்தோம் என்று முதன்முறை வருவோர் கேட்பர். சித்திரையில் வந்தால் அக்கேள்வி நியாயமே. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை பிறக்கும் வேளையே இந்நிலத்தின் வசந்தம். சென்ற தை மாதத்தில், மறைக்கல்வி பயிலும் சிறுவர் எண்மருடன் நாம் அங்குச் சென்றோம். நமது பையில் ஒரு கல்லும் இருந்தது.

ஓடைவழி நடப்பது கடினமன்று. அரைமணியில் சென்று திரும்பலாம். குனிந்து பார்ப்பவர்க்கு அரைநாளும் போதாது. மேட்டுச் சரிவில் வேரூன்ற இயலாத விதைகளை மழைநீர் அடித்து வந்து பள்ளத்தில் சேர்க்கிறது. வண்டலும் ஈரமும் அங்கேதான் தங்குகின்றன. ஆதலின் பூக்களும் அங்கேதான். ஆவாரையின் பொன்மஞ்சள் தொலைவிலிருந்தே தெரிந்தது. அருகே கொழுஞ்சியின் ஊதா, தும்பையின் வெண்மை, தரையோடு படர்ந்த நெருஞ்சியின் மஞ்சள். எனினும் நம் உள்ளத்தைக் கவர்ந்தது விஷ்ணுகிராந்தியே. சட்டைப் பொத்தானினும் சிறிய அந்த நீலப்பூவை மிதிக்காமல் நடக்கச் சிறுவர்கள் பட்ட பாடு வேடிக்கையாக இருந்தது. எருக்கஞ்செடியில் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சிகள் அமர்ந்திருந்தன. எருக்கின் நச்சுப்பாலை உண்டு வளர்ந்தவை ஆதலால் பறவைகள் அவற்றை விரும்புவதில்லை. ஆட்காட்டிக் குருவியோ நமது வருகையை ஊருக்கெல்லாம் அறிவித்துக்கொண்டே இருந்தது.

இந்தக் களிமண் ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சேறு. அரியலூரின் சிமெண்டு ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் தருவதும் அப்பழங்கடலின் படிவுகளே. 1860-களில் ஹென்றி பிளான்ஃபோர்டு என்னும் நிலவியலார் இப்பகுதியின் பாறைகளை அடுக்கடுக்காக வகுத்து எழுதினார். அருகிலுள்ள சாத்தனூரில், 1940-இல் டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த கல்மரம் 18 மீட்டர் நீளத்திற்குக் கிடக்கிறது. அம்மரத்திற்கு வேலி உண்டு. ஓடைகளுக்கெல்லாம் யார் வேலியிடுவது?

இனி, பையிலிருந்த கல்லைப் பற்றி. 2004-ஆம் ஆண்டில் முதன்முறை வந்தபோது அதை இங்கிருந்து எடுத்துச் சென்றவர் நாமே. விரல் நீளத்தில் துப்பாக்கிக் குண்டு போன்றிருக்கும். பெலம்னைட்டு என்று பெயர். கணவாய்க்கு உறவான கடலுயிரின் உடலுள் இருந்த கூடு. மேசைமீது வைத்து வருவோர்க்கெல்லாம் காட்டிப் பெருமை கொண்டோம். ஒருநாள் நிலவியல் பேராசிரியர் ஒருவர் அதைக் கையிலெடுத்து, "எந்த அடுக்கில் கிடைத்தது, சாமி?" என்று வினவினார். விடை தெரியவில்லை. அவரும் மேலே ஒன்றும் கேளாமல் கல்லை மேசைமீதே வைத்துவிட்டார். எந்த அடுக்கு என்று அறிந்தால் அன்றோ அதன் காலத்தையும் உடன் வாழ்ந்தவற்றையும் அறியலாம்!

திரும்பும் நேரத்தில் சிறுவர்களின் சட்டைப்பைகள் புடைத்திருந்தன. கடிந்துகொள்ள நமக்கு என்ன தகுதி? நமது கல்லை எடுத்துக் காட்டி நடந்ததைச் சொன்னோம். முகம் வாடினாலும், எடுத்த இடத்திலேயே வைக்க ஒவ்வொருவராகத் திரும்பி ஓடினர். "அந்த ஆவாரைக்கு மூணு அடி மேலே" என்று துல்லியமாக அடையாளம் சொன்னான் ஒருவன். பின்பு அவனே கேட்டான்: "உங்க கல்லை எங்கே வைப்பீங்க, சாமி?"

சுற்றிலும் பார்த்தோம். இத்தனை ஆண்டு மழை ஓடைகளின் உருவையே மாற்றிவிட்டிருந்தது. கண்ட இடத்தில் போட்டுவிட்டால், நாளை ஆராய வருபவரிடம் அக்கல் பொய்ச்சான்று கூறும். ஆகவே அதை மீண்டும் பையில் வைத்துக்கொண்டோம். இப்போதும் மேசைமீதுதான் இருக்கிறது. 'காரை; இடம் தெரியாது' என்று எழுதிய சீட்டு ஒன்றை அதனடியில் வைத்திருக்கிறோம்.