மலையடிவாரத்தில் எழுந்த தனிநாட்டுக் கோரிக்கை

ஏற்காடு

அன்புள்ள மாப்பிள்ளை,

கிளாஸ்கோவில் தனிநாடு கேட்டு ஊர்வலம் போகிறவர்களைப் பார்த்துவிட்டு, "நம்ம பக்கம் இப்படி யாராவது கேட்டாங்களா மாமா?" என்று எழுதியிருந்தாய். கேட்டார்கள், அதுவும் நம் மலையடிவாரத்திலேயே.

லேடீஸ் சீட்டில் நின்றால் கீழே விரிந்து கிடக்குமே சேலம், அங்கேதான் 1944 ஆகஸ்ட் 27-ல் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது. பெரியாரும் அண்ணாவும் கேட்டது திராவிட நாடு. காரணமில்லாமல் கேட்கவில்லை. 1938-ல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியபோது, எதிர்த்துச் சிறைபுகுந்த நடராசனும் தாளமுத்துவும் உயிரையே விட்டார்கள்.

1962 மே மாதம், மாநிலங்களவையில் தன் முதல் பேச்சிலேயே அண்ணா இந்தக் கோரிக்கையை வைத்தார். அக்டோபரில் சீனப் படையெடுப்பு வந்ததும் அதை ஒத்திவைத்து, அரசின் பக்கம் நின்றார். அடுத்த ஆண்டு அரசியல் சட்டத்தின் 16-ஆவது திருத்தம் வந்தது. தேர்தலில் நிற்பவர் எவரும் நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும். பழங்குடியினருக்கு ஒதுக்கிய நம் ஏற்காடு தொகுதியில் மனுத் தாக்கல் செய்கிறவர் இன்றும் அதைத்தான் வாசிக்கிறார். அண்ணாவின் கட்சியான தி.மு.க. கோரிக்கையைக் கைவிட்டது.

சட்டத்துக்குப் பயந்து விட்டார்கள் என்பார்கள். அது பாதிக் கதை. 1956-லேயே மொழிவாரி மாநிலங்கள் வந்துவிட்டன. ஆந்திரமும் கேரளமும் கன்னட நாடும் திராவிட நாட்டுக்காகத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 1965-ல் இந்தி எதிர்ப்பில் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். 1967-ல், தனிநாடு கேட்ட கட்சியே கோட்டையில் அமர்ந்தது. 1969 ஜனவரி 14-ல் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்ற பெயரும் வந்தது. கேட்டால் கிடைக்க ஒரு வழி இருந்தது, அதனால்தான் பிரிவினைப் பேச்சு அடங்கியது என்பது என் உறுதியான எண்ணம்.

இலங்கையில் அந்த வழியை அடைத்தார்கள். 1956-ல் சிங்களம் மட்டும் சட்டம். தமிழருக்குக் கொஞ்சம் அதிகாரம் தரவந்த 1957-ன் பண்டா-செல்வா ஒப்பந்தம் மறு ஆண்டே கிழிபட்டது. அதன் பிறகுதான் 1976-ல் வட்டுக்கோட்டையில் தனி ஈழத் தீர்மானம். அப்புறம் சிந்திய ரத்தத்தை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

நான் ஒன்றாக இருப்பதன் பக்கம்தான். புதிதாகக் கோடு போட்டாலும் அதற்குள்ளே நம் மலையாளி மலைமக்களைப் போலச் சிறுகூட்டங்கள் இருக்கும். அவர்கள் யாரிடம் போய்க் கேட்பார்கள்? ஆனால் ஒற்றுமையின் பொறுப்பு மாநிலங்களுடையது மட்டுமல்ல. மாநிலங்களுக்குக் கூடுதல் அதிகாரம் கேட்டு ராஜமன்னார் குழு 1971-ல் அறிக்கை கொடுத்தது. 1974-ல் சட்டமன்றம் அதையொட்டித் தீர்மானமும் போட்டது. டெல்லி இன்னும் அதற்கு நேர்மையாகப் பதில் சொல்லவில்லை.

அன்புடன்,
மாமா