பேங்காக்கில் பன்னிரண்டு நாள்

பேங்காக்கிற்குப் போகிறோம் என்றால் சிங்கப்பூர் உறவினர்கள் கேட்கும் முதல் கேள்வி, எந்தக் கடைத்தொகுதிக்குப் பக்கத்தில் தங்கப் போகிறீர்கள் என்பதுதான். பிரதுனாம், சத்துசாக் என்று ஆளுக்கொரு பட்டியல் தருவார்கள். சாங்கியில் விமானம் ஏறினால் ஏறக்குறைய இரண்டரை மணி நேரத்தில் இறங்கிவிடலாம். கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைத்தால் போதும்.

அதே விமானங்களில் வேறு வகைப் பயணிகளும் இருக்கிறார்கள். அவர்கள் கையில் ஒரு கோப்பு இருக்கும். அதில் மனநல மருத்துவரின் கடிதம், ரத்தப் பரிசோதனை முடிவு, மருத்துவமனை அனுப்பிய விலை மதிப்பீடு எல்லாம் வரிசையாக இருக்கும். பிறப்பில் பெண் என்று பதிவாகி, ஆணாக வாழ்பவர்களைத் தமிழில் திருநம்பிகள் என்கிறோம். அவர்களில் பலர் மார்புச் சீரமைப்பு அறுவை சிகிச்சைக்காக பேங்காக் போய்வருகிறார்கள். என் தம்பியும் போனான். அம்மாவும் நானும் துணைக்குப் போனோம்.

இந்தச் சிகிச்சையைச் சிங்கப்பூரிலும் தனியார் மருத்துவர்கள் செய்கிறார்கள். ஆனால் மெடிஷீல்டு லைஃப் காப்புறுதியில் பாலின மாற்றச் சிகிச்சைக்கு இடமில்லை. கைக்காசுதான். பேங்காக்கில் தம்பி விசாரித்த இடங்களில் ஒரு லட்சம் முதல் இரண்டு லட்சம் பாட் வரை சொன்னார்கள். ஒரு வெள்ளிக்கு 25 பாட் என்று போட்டுப் பார்த்தால் 4,000 முதல் 8,000 வெள்ளி. பணத்தைவிட அவனுக்கு முக்கியமாகப்பட்டது, அங்குள்ளவர்களுக்கு இது அன்றாட வேலை என்பது. வரவேற்பு மேசையில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

தம்பி இரண்டு வருடமாகக் கணினியில் ஒரு கணக்குத்தாள் வைத்திருந்தான். முதல் வரியில் அறுவை சிகிச்சை, 135,000 பாட், அதாவது 5,400 வெள்ளி. அந்த வரி கடைசிவரை மாறவே இல்லை. அதற்குக் கீழே இருந்த வரிகள்தான் மாதாமாதம் வளர்ந்தன. மதிப்பீட்டில் சேராத பரிசோதனைகளுக்கும் அங்குள்ள மனநல மருத்துவரின் சந்திப்புக்கும் மாற்றிப்போட இன்னொரு இறுக்கச் சட்டைக்கும் 400 வெள்ளி. மூவர் தங்கும் அறை பதினொரு இரவுக்கு ஏறத்தாழ 790. மூன்று விமானச் சீட்டு 840. சாப்பாடும் டாக்சியும் 600. ஆக, கூடப் போகிறவர்களும் காத்திருக்கும் நாள்களும் சேர்ந்து சிகிச்சைச் செலவில் ஏறக்குறைய பாதி. இதை முதலிலேயே எழுதிப் பார்க்காதவர்கள் துணையில்லாமல் தனியாகப் போய்வருகிறார்கள். அது முடியாததல்ல. ஆனால் முதல் மூன்று நாள் தண்ணீர்ப் புட்டியின் மூடியைத் திறக்கவே இன்னொரு கை தேவைப்படும் என்பதை நேரில் பார்த்த பிறகு, துணைக்குப் போகிறவரின் சீட்டுக்குத்தான் முதலில் காசு ஒதுக்க வேண்டும் என்பேன்.

பயணக் காப்புறுதி இதற்கு உதவாது. சிகிச்சைக்கென்றே போகும் பயணத்தில் அந்தச் சிகிச்சையால் வரும் சிக்கலுக்கு அவை பொதுவாகப் பணம் தருவதில்லை. முதல் ஓரிரு நாளில் உள்ளே ரத்தம் கட்டிக்கொண்டால் மறுபடியும் அறுவை அறைக்குள் போக நேரலாம். அதற்கு யார் பணம் கட்டுவது என்பதை மருத்துவமனையிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். மயக்க மருந்து மருத்துவரின் கட்டணம், படுக்கை எத்தனை இரவு, தையல் பிரிப்பது, பின்னால் சிறு திருத்தம் தேவைப்பட்டால் என்ன செலவு எல்லாவற்றையும் தம்பி மின்னஞ்சலில் கேட்டு வாங்கி அச்செடுத்துக்கொண்டான்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்றும் இருக்கிறது. சிங்கப்பூரில் பதிவு பெறாத மருத்துவர் கொடுக்கும் மருத்துவச் சான்றிதழை நம் முதலாளிகள் ஏற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. தம்பி ஆண்டு விடுப்பில் பத்து நாளைச் சேர்த்து வைத்து, திரும்பியதும் ஒரு வாரம் சம்பளமில்லா விடுப்பு எடுத்தான். மேசை வேலை என்பதால் அது போதுமாக இருந்தது. கிடங்கிலோ சமையலறையிலோ நின்று வேலை செய்பவராக இருந்தால் ஆறு வாரம் பாரம் தூக்கக் கூடாது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மாதத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். சோங்கிரான் புத்தாண்டு ஏப்ரல் 13 முதல் 15 வரை. தெருவெங்கும் தண்ணீர்த் துப்பாக்கி, வாளி, குழாய். ஈரம் படக் கூடாத கட்டோடு அந்த ஊரில் நடமாட முடியாது. ஏப்ரல் வெயிலில் மார்பைச் சுற்றி இறுக்கச் சட்டை போட்டுக்கொண்டிருப்பதும் கொடுமை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை காற்றில் கொஞ்சம் குளுமை உண்டு. டிசம்பரில் பள்ளி விடுமுறையால் சீட்டு விலை ஏறும். நாங்கள் ஜனவரி இறுதியைத் தேர்ந்தெடுத்தோம்.

அம்மாவுக்குப் பயம் செலவைப் பற்றியதல்ல. "இதெல்லாம் யாரோ வெளிநாட்டுக்காரங்க பண்றது" என்பார். தம்பி ஒருநாள் சொன்னான்: ஆசியாவில் முதன்முதலாகப் பாலின மாற்றச் சிகிச்சை நடந்ததாகச் சொல்லப்படுவது சிங்கப்பூரில், 1971 ஜூலை 30ஆம் தேதி, கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில். செய்தவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த பேராசிரியர் எஸ். எஸ். ரத்தினம். 1983இல் ஆசியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தைக்கு வழிசெய்ததும் அவர் தலைமையிலான குழுதான். அம்மா பிறந்ததும் கேகேயில்தான். "நம்ம ஆளா?" என்று கேட்டுவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டார். மறுவாரம் கடப்பிதழ் காலாவதித் தேதியைப் பார்த்துச் சொல்லும்படி என்னிடம் கொடுத்தார்.

கடப்பிதழ் இந்தப் பயணத்தில் தனிக் கதை. பெயரை மாற்றுவது நம் ஊரில் எளிது. வழக்கறிஞரிடம் பெயர் மாற்றப் பத்திரம் போட்டால் போதும். தம்பி அதை முன்பே செய்து புதிய கடப்பிதழ் எடுத்திருந்தான். சீட்டும் மருத்துவமனைப் பதிவும் அந்தப் பெயரில்தான். 2025 மே மாதத்திலிருந்து தாய்லாந்து வருகை அட்டையை இணையத்தில், போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். கட்டணம் இல்லை. அதில் பாலினம் என்ற கட்டத்தில் கடப்பிதழில் உள்ளபடி 'பெண்' என்றே போட வேண்டியிருந்தது. மார்புச் சிகிச்சை மட்டும் செய்துகொண்டால் நம் அடையாள அட்டையில் அந்தச் சொல் மாறாது. தாய்லாந்துத் திருநம்பிகளின் நிலை வேறு விதம். உலகமே சிகிச்சைக்கு வந்துபோகும் ஊரில் இருந்தாலும், எந்தச் சிகிச்சை செய்துகொண்டாலும் தங்கள் ஆவணங்களில் பாலினத்தை மாற்ற அங்கே சட்டம் இல்லை. 2025 ஜனவரி 23இல் ஒரே பாலினத்தவர் திருமணம் சட்டமான பிறகும் அது அப்படியே இருக்கிறது.

எங்கே தங்குவது என்பதில் வீட்டில் சண்டை. மருத்துவமனை சாவ் பிரயா ஆற்றின் மேற்குக் கரையில், தோன்புரி பக்கம். அம்மாவுக்கு சீலோம் வேண்டும், அங்கே மாரியம்மன் கோவில் இருக்கிறது. பேங்காக் போக்குவரத்தில் ஆற்றைக் கடக்க எவ்வளவு நேரமாகும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அறுவை முடிந்த உடம்போடு டாக்சியில் உட்கார்ந்திருப்பது அதைவிடக் கடினம். அதனால் முதல் ஏழு இரவு மருத்துவமனையிலிருந்து நடக்கும் தூரத்தில், பிறகு நான்கு இரவு சீலோமில் என்று முடிவானது. மின்தூக்கி உண்டா, கூடுதல் தலையணை தருவார்களா, கீழே மளிகைக்கடை உண்டா என்று மூன்றை மட்டும் பார்த்து அறை எடுத்தோம். பல வாரம் மல்லாந்து, தலைப்பக்கத்தை உயர்த்தித்தான் தூங்க வேண்டும். தலையணைகள்தான் எங்கள் ஆடம்பரம்.

போய்ச் சேர்ந்த மறுநாள் பரிசோதனைகள். அதற்கடுத்த நாள் காலை அறுவை. தாய்லாந்துத் தனியார் மருத்துவமனை அறைகளில் துணைக்கு இருப்பவர் படுக்க ஒரு நீள்சாய்வு இருக்கை போட்டிருப்பார்கள். அதில் அம்மா. தாதியர் தம்பியை 'குன்' சேர்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே 'குன்'தான், நாம் 'அவர்' என்பதைப்போல. அம்மாவும் ஐந்து வருடமாக வீட்டில் அப்படியொரு வழி வைத்திருந்தார். 'அவள்' என்று சொல்வதை விட்டுவிட்டார், 'அவன்' வாயில் வரவில்லை. "பிள்ளை சாப்பிட்டுச்சா?", "பிள்ளை தூங்குது." பெயரும் சொல்வதில்லை. அன்றிரவும் தொலைபேசியில் அப்பாவிடம், "பிள்ளை கண்ணு முழிச்சிருச்சு" என்றுதான் சொன்னார்.

அடுத்த சில நாள்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இரண்டு பக்கமும் வடிகுழாய், அதன் முனையில் சிறு குப்பி. காலையும் மாலையும் எத்தனை மில்லிலிட்டர் என்று குறித்து வைக்க வேண்டும். முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்திருக்க வேண்டும். கீழே தெருமுனையில் 'ஜோக்' விற்கும் பெண்மணியிடம் பன்றியிறைச்சி போடாமல், முட்டையும் இஞ்சியும் மட்டும் போட்டு வாங்கிவருவேன். நம் கஞ்சிக்கு உறவுதான். அம்மா அதில் கொண்டுபோயிருந்த நார்த்தங்காய் ஊறுகாயைத் தொட்டுக் கொடுத்தார். ஏழாம் நாள் குழாயையும் முலைக்காம்பின் மேல் கட்டியிருந்த பஞ்சுக் கட்டையும் எடுத்தார்கள். மருத்துவர் கண்ணாடியைக் காட்டினார். தம்பி வெகுநேரம் பார்த்தான். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிறகு சீலோம். சீலோம் சாலையும் பான் சாலையும் சந்திக்கும் மூலையில் மாரியம்மன் கோவில். 19ஆம் நூற்றாண்டில் வந்து குடியேறிய தமிழர்கள் கட்டியது. உள்ளூர்க்காரர்கள் 'வாட் கேக்' என்பார்கள். சூராசாக் ரயில் நிலையத்திலிருந்து நடந்துவிடலாம். வாசலில் தட்டுத் தட்டாகத் தேங்காய், வாழைப்பழம், சாமந்தி மாலை. வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்துக்காரர்கள்தான், அலுவலகம் போகும் வழியில் நுழைந்துவிட்டுப் போகிற இளையர்கள். உள்ளே படமெடுக்கக் கூடாது. சீலோமில் ரத்தினக்கல் வணிகம் செய்யும் தமிழ் முஸ்லிம்களும் இருப்பதால் இட்லிக்கும் பரோட்டாவுக்கும் பஞ்சமில்லை.

கும்பிடக் கையைத் தலைக்கு மேல் தூக்கக் கூடாது என்று தம்பிக்கு எச்சரித்திருந்தேன். தேவைப்படவில்லை. சுற்றிலும் எல்லாரும் மார்புக்கு நேரே கைகூப்பி நின்றார்கள், அவனும் அப்படியே நின்றான். அம்மா அர்ச்சனைத் தட்டை நீட்டினார். அர்ச்சகர் பெயர், நட்சத்திரம் கேட்டார். அம்மா முதலில் "ரோகிணி" என்றார். அர்ச்சகர் காத்திருந்தார். அம்மா தம்பியின் பெயரைச் சொன்னார், கடப்பிதழில் உள்ள பெயரை. வெளியே வந்து செருப்பு மாட்டும்போது அதைப் பற்றி யாரும் எதுவும் பேசவில்லை. தம்பிக்குக் குனிய முடியாததால் வாரை நான்தான் மாட்டிவிட்டேன்.

மாலைகளில் சாலையின் மறுகோடியிலுள்ள லும்பினி பூங்காவுக்குப் போனோம். ரத்தம் உறையாமல் இருக்க நடக்க வேண்டும், ஆனால் மெதுவாக. குளத்தங்கரையில் பெரிய பெரிய உடும்புகள் எங்களைவிட நிதானமாகப் போய்க்கொண்டிருந்தன. ஆறு மணிக்குத் தேசிய கீதம் ஒலித்ததும் ஓடிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் அப்படியே நின்றார்கள். பாட்டு முடிந்ததும் மறுபடியும் எங்களைத் தாண்டி ஓடினார்கள்.

உறவினர்களிடம் உல்லாசப் பயணம் என்றுதான் சொல்லியிருந்தோம். அப்படிச் சொன்னால் வெறுங்கையோடு திரும்ப முடியாது என்பது கணக்குத்தாளில் இல்லாத செலவு. தம்பி இரண்டு கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. கைப்பைகளும் மாம்பழ வற்றலும் என் தலையில். விமான நிலையத்தில் சக்கர நாற்காலிக்கு முன்பே சொல்லிவைத்திருந்தோம். இருக்கை வாருக்கும் மார்புக்கும் இடையில் சிறு தலையணை வைத்துக்கொண்டான். ஆங்கிலத்தில் எழுதிய அறுவை அறிக்கையும் மருந்துப் பட்டியலும் கைப்பெட்டியில் இருந்தன. ஊரில் காயத்தைப் பார்க்கும் மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.

அப்பா கூட வரவில்லை. முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர், பேச்சு குறைவு. இந்தத் திட்டத்தைப் பற்றி அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "அங்க ஏதாவது ஆச்சுன்னா காசு?" புறப்படுவதற்கு முந்தைய நாள் தம்பியின் கணக்கில் பேநவ் வழியாக 1,500 வெள்ளி வந்தது. குறிப்பில் 'டாக்சிக்கு' என்று எழுதியிருந்தது. எதுவும் ஆகவில்லை, அந்தப் பணத்தைத் தொடவே இல்லை. திரும்பி வந்த இரவு தம்பி அதைத் திருப்பி அனுப்பட்டுமா என்று கேட்டான். தழும்பின் மேல் ஒட்டும் சிலிகான் பட்டைகளை இன்னும் பல மாதம் வாங்க வேண்டியிருக்குமே என்றார் அப்பா, தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல். அந்த வரியை நாங்கள் யாரும் அவரிடம் சொன்னதில்லை. கணக்குத்தாளை எப்போதோ திறந்து பார்த்திருக்கிறார்.