ஊரப்பாக்கம்: இருப்புப்பாதை ஊரும் தொகுதியின் உறுப்பினர்களும்

செங்கல்பட்டு மாவட்டத்தில், வண்டலூருக்கும் கூடுவாஞ்சேரிக்கும் இடையே, ஜி.எஸ்.டி. சாலை என்று வழங்கும் பெருந்தெற்குச் சாலையையும் அதை ஒட்டி ஓடும் இருப்புப்பாதையையும் சார்ந்து வளர்ந்த ஊர் ஊரப்பாக்கம். ஏரிப்பாசனத்தை நம்பிய வேளாண் கிராமமாக இருந்த இவ்வூர், தாம்பரத்துக்குத் தெற்கே நகரம் விரியத் தொடங்கியபின், காலையில் மின்சார ரயிலேறி வேலைக்குச் சென்று இரவில் திரும்புவோரின் குடியிருப்பாக மாறிவிட்டது. காட்டாங்கொளத்தூர் ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்த கிராம ஊராட்சியாகவே இது நெடுங்காலம் நிர்வகிக்கப்பட்டு வந்திருக்கிறது. ஆயினும் இதன் உயிர்நாடிகளான தேசிய நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் ஒன்றிய அரசின் பொறுப்பில் உள்ளவை என்பதால், இவ்வட்டாரத்தின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் யார், அவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் ஊரின் வரலாற்றோடு சேர்த்தே பார்க்க வேண்டியுள்ளது.

அவ்வரிசையில் முதலில் நிற்பவர் ஓ. வி. அழகேசன். 1911இல் செங்கல்பட்டை அடுத்த ஒழலூரில் பிறந்த அவர், நாட்டின் அரசியலமைப்பை வகுத்த அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக இருந்தவர். 1952இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளராகச் செங்கல்பட்டு மக்களவைத் தொகுதியில் வென்று, லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பு வகித்த ரயில்வே, போக்குவரத்து அமைச்சகத்தில் துணை அமைச்சரானார். 1956 நவம்பர் 23ஆம் நாள் விடியற்காலையில், மருதையாற்று வெள்ளம் பாலத்தை அரித்திருந்த நிலையில், தூத்துக்குடி விரைவு வண்டியின் எஞ்சினும் பெட்டிகள் பலவும் அரியலூர் அருகே ஆற்றுக்குள் சரிய, நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சாஸ்திரி பதவி விலகினார். அவரது விலகல் அரசியல் நேர்மைக்குச் சான்றாக இன்றளவும் பேசப்படுகிறது. அழகேசனுக்கோ அரியலூரையும் அவர் பெயரையும் மோனையாக்கிய தி.மு.க.வின் தேர்தல் முழக்கமே மிஞ்சியது. 1957 தேர்தலில் சுயேச்சை வேட்பாளரான டாக்டர் ஏ. கிருஷ்ணசாமி செங்கல்பட்டில் வென்றார். நெடிய பொதுவாழ்வு ஒன்றை ஒரே முழக்கத்துக்குள் அடக்கிவிடுவது நியாயமன்று.

ஏனெனில், 1962இல் அதே தொகுதியில் மீண்டும் வென்ற அழகேசன், இணை அமைச்சராக, அதாவது துணை அமைச்சருக்கு ஒரு படி மேலான நிலையில், பெட்ரோலிய, இரசாயனத் துறையில் இருந்தபோதுதான் அவரது வாழ்வின் முக்கியமான முடிவை எடுத்தார். 1965 ஜனவரி 26 முதல் இந்தி முதன்மை ஆட்சிமொழியாவதை எதிர்த்துத் தமிழகம் கொந்தளித்தபோது, பிப்ரவரியில் ஒன்றிய அமைச்சர் சி. சுப்பிரமணியமும் அவரும் பதவி விலகல் கடிதம் அளித்தனர். விலகல் இறுதியாகாமல் இருவரும் பதவியில் தொடர்ந்தாலும், தமிழகத்தின் மனநிலையைத் தில்லி உணர்வதற்கு அக்கடிதங்கள் துணை செய்தன என்று கருத இடமுண்டு. பின்னர் எத்தியோப்பியாவில் இந்தியத் தூதராகவும், 1971இல் திருத்தணி, 1977இல் அரக்கோணம் தொகுதிகளின் உறுப்பினராகவும் இருந்த அவர் 1992இல் மறைந்தார்.

செங்கல்பட்டுத் தொகுதியை 1967இலும் 1971இலும் வென்ற தி.மு.க.வின் சிட்டிபாபு, சென்னை மாநகராட்சி மேயராக இருந்தவர். நெருக்கடி நிலையின்போது, 1976 ஜனவரி 31ஆம் நாள் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டதைத் தொடர்ந்து, விசாரணையின்றிச் சிறைவைக்க வகைசெய்த மிசா சட்டத்தின்கீழ்ச் சென்னை மத்திய சிறையில் அடைக்கப்பட்ட அவர், இளைஞரான மு. க. ஸ்டாலின்மீது விழுந்த அடிகளைத் தம் உடலில் தாங்கினார். உடல்நலம் குன்றி 1977 ஜனவரி 4ஆம் நாள் உயிர்நீத்தார். அவர் எழுதிய சிறைக் குறிப்புகள் நூலாக வந்தன. சிறைக் கொடுமைகளை நீதிபதி இஸ்மாயில் ஆணையம் விசாரித்தது. மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் ஒருவர் அரசின் சிறையிலேயே இவ்வாறு தாக்கப்பட்டது இத்தொகுதியின் வரலாற்றில் மறக்கக்கூடாத செய்தியாகும்.

1999இலும் 2004இலும் இங்கு வென்ற பா.ம.க.வின் ஏ. கே. மூர்த்தி, வாஜ்பாய் அமைச்சரவையில் ரயில்வே இணை அமைச்சராக இருந்ததால், இத்தொகுதியின் உறுப்பினர் இருவர் ரயில்வே அமைச்சகத்தில் இடம்பெற்றுள்ளனர். மக்கள்தொகைக்கேற்பத் தொகுதி எல்லைகளை மாற்றும் மறுவரையறைக்குப்பின் 2009 தேர்தலில் செங்கல்பட்டு மக்களவைத் தொகுதி மறைந்தது. ஊரப்பாக்கம் இப்போது செங்கல்பட்டு சட்டமன்றத் தொகுதி வழியாகக் காஞ்சிபுரம் தனித் தொகுதியில், அதாவது பட்டியல் சாதியினர் மட்டுமே போட்டியிடக்கூடிய தொகுதியில் அடங்குகிறது. 2019, 2024 தேர்தல்களில் தி.மு.க.வின் ஜி. செல்வம் இங்கு வெற்றிபெற்றார்.

ரயில் ஒன்றிய அரசின் பொறுப்பு என்பதால், இவ்வூருக்கு நாடாளுமன்ற உறுப்பினரின் பணி எத்துணை நேரடியானது என்பதைக் கிளாம்பாக்கம் காட்டுகிறது. சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் அமைத்த கலைஞர் நூற்றாண்டு பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30ஆம் நாள் ஊரப்பாக்கத்துக்கு அருகே கிளாம்பாக்கத்தில் திறக்கப்பட்டபோது, அதற்கு முன்னாலேயே இருப்புப்பாதை சென்றாலும் அங்கு ரயில் நிற்க நிலையம் இல்லை. மூட்டை முடிச்சுகளோடு தென்மாவட்டங்களுக்குப் புறப்பட்டவர்கள் வண்டலூரிலோ ஊரப்பாக்கத்திலோ இறங்கி, ஆட்டோவோ நகரப் பேருந்தோ பிடித்து முனையம் சேர வேண்டியிருந்தது.