தண்ணியில்லாத காட்டுக்கு மூணு டிக்கெட்!

ஆபீஸுக்குப் போகிற எல்லோருக்கும் தெரிந்த ஊர் ஒன்று உண்டு. மேப்பில் இருக்காது. பஸ் போர்டில் இருக்காது. மேலதிகாரிக்குக் கோபம் வந்தால் மட்டும் டக்கென்று முளைக்கும். அதன் பெயர், ‘தண்ணியில்லாத காடு’!

“ஒழுங்கா வேலை பார்க்கலேன்னா தண்ணியில்லாத காட்டுக்குத் தூக்கியடிச்சிடுவேன்!” சினிமாவில் மந்திரி சொல்வார், நிஜத்தில் செக்‌ஷன் ஆபீஸர் சொல்வார். ராஜஸ்தான் பாலைவனத்துக்கு டிரான்ஸ்ஃபர் போட நம் ஊர் அதிகாரிக்குப் பவர் கிடையாது பாருங்கள், அதனால் உள்ளூரிலேயே ஒரு பாலைவனம் தேவைப்பட்டது. அந்தப் பட்டியலில் ராமநாதபுரத்துக்குப் பக்கத்து நாற்காலியில் ரொம்ப வருஷமாக உட்கார்ந்திருந்தது தர்மபுரி.

நாங்கள் அங்கே போனது தண்டனையில் அல்ல, பிரமோஷனில்! பிரமோஷன் எனக்கில்லை, என் மனைவிக்கு. (நான் பி.காம். படித்துவிட்டுப் பத்திரிகைகளுக்கு எழுதுகிறவன். என்னை யாராலும் டிரான்ஸ்ஃபர் பண்ண முடியாது, மனைவியைத் தவிர!) பாங்க்கில் கிளார்க்காக இருந்தவள் ஆபீஸர் ஆனாள். ஆபீஸர் ஆனால் கிராமத்துக் கிளையில் கொஞ்ச காலம் குப்பை கொட்டியாக வேண்டும். பென்னாகரம் பக்கத்தில் ஒரு ஊர் என்று ஆர்டர் வந்தது. மனைவி, நான், மூன்று வயசு மகள். ஆக, மூணு டிக்கெட்.

எனக்குச் சொந்த ஊர் கும்பகோணம். விஷயம் தெரிந்ததும் சொந்தக்காரர்கள் துக்கம் விசாரிக்கிற மாதிரி வந்து போனார்கள். “போகும்போதே ரெண்டு குடம் காவேரித் தண்ணி எடுத்துட்டுப் போயிடுப்பா” என்றார் பெரியப்பா, நிஜமான கவலையோடு.

பெரியப்பா மறந்துபோன விஷயம் ஒன்று. காவேரி தமிழ்நாட்டுக்குள் காலடி வைத்ததும் முதல் ஆர்ப்பாட்டம் பண்ணுகிற இடமே தர்மபுரி மாவட்டத்து ஒகேனக்கல்தான்! அங்கே பாறையில் விழுந்து, புகை கிளப்பி, மலை இடுக்கில் நெளிந்து, நேரே மேட்டூர் அணைக்குப் போய்விடுகிறது. 1934-ல் கட்டி முடித்த அந்த அணையை ஜூன் 12-ம் தேதி திறப்பார்களா என்று எங்கள் டெல்டாக்காரர்கள் காலண்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஆற்றுக்குப் பக்கத்திலேயே இருக்கிற தர்மபுரிக்காரருக்கு அந்தப் பாக்கியம்கூட இல்லை. ஆறு பள்ளத்தில், ஊர் மேட்டில். தண்ணீருக்கு மேலே ஏறிவர யாரும் பிரமோஷன் ஆர்டர் தரவில்லை!

சரி, மழை? அதுவும் பாலைவனக் கணக்கில்லை. ஜெய்சல்மரில் வருஷத்துக்கு 200 மில்லிமீட்டர் பெய்தாலே பெரிசு. இங்கே 800-க்கு மேல். ஆனால், அடியில் பூராவும் பாறை. பெய்வதில் பெரும்பகுதி தங்காமல் ஓடிவிடும். மீதியை போர் போட்டு ஆழத்திலிருந்து உறிஞ்சினால், பாறையில் ஊறிய அந்தத் தண்ணீர் பல இடங்களில் கூடவே ஒரு விருந்தாளியையும் கூட்டிக்கொண்டு வருகிறது. அவர் பெயர் ஃப்ளூரைடு.

‘அட, டூத்பேஸ்ட் விளம்பரத்தில் வருவாரே!’ என்கிறீர்களா? அவரேதான். துளியூண்டு இருந்தால் பல்லுக்குக் காவல்காரர். குடிக்கிற தண்ணீரில் லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டினால் அவரே திருடர். ஈறுக்குள் நிரந்தரப் பல் உருவாகிற வயசில், அதாவது எட்டு வயசுக்குள், அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தால் பல்லில் பழுப்புக் கறை ஏறிவிடும். தேய்த்தால் போகாது. வருஷக்கணக்கில் குடித்தால் எலும்பைப் பிடிக்கும். கழுத்து திரும்பாது, முட்டி மடங்காது.

இதெல்லாம் எனக்குப் புத்தகத்தில் தெரிந்ததல்ல. போய் இறங்கின அன்றைக்கே பக்கத்து வீட்டு ஆயா சொல்லிக் கொடுத்தது. லாரியிலிருந்து பீரோவை இறக்குவதற்கு முன்னால் அவர் கேட்ட முதல் கேள்வி, “குடம் எத்தினி கொண்டாந்தீங்க, தம்பி?”

“ரெண்டு இருக்கும்மா.”

“பத்தாது. போர் தண்ணிக்குத் தனி, பைப்புத் தண்ணிக்குத் தனி. குடிக்கறதும் சோறாக்கறதும் பைப்புத் தண்ணில மட்டுந்தான். பாப்பா வாயில போர் தண்ணி ஒரு சொட்டுப் படக்கூடாது.”

“காய்ச்சிக் கொடுத்துடுவோம்மா” என்றாள் மனைவி.

“நீங்க எம்மாந்நேரம் காய்ச்சினாலும் அது போவாது, பாங்கம்மா.”

உண்மை. காய்ச்சினால் கிருமி சாகும், ஃப்ளூரைடு சாகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடத்தான் செய்யும்.

மற்றபடி ஊர் எங்களைச் சீக்கிரமே சேர்த்துக்கொண்டது. டெல்டாக்காரனான என் வயிற்றுக்கு ராகிக்களி முதலில் ஒரு சவாலாகத்தான் இருந்தது. கீரைக் கடைசலில் தோய்த்து விழுங்க வேண்டும், மெல்லக் கூடாது என்று பால்காரர் டெமான்ஸ்ட்ரேஷன் கொடுத்தார். மூன்றாவது மாசம், “இன்னிக்குக் களி இல்லையா?” என்று நானே கேட்க ஆரம்பித்துவிட்டேன். மகள் தமிழோடு கூடவே தெருவில் கொஞ்சம் தெலுங்கும் கொஞ்சம் கன்னடமும் பொறுக்கிக்கொண்டு வந்தாள். என் இங்கிலீஷைவிட அது பரவாயில்லை.

ஆயாவின் பேத்தி தர்மபுரியில் பி.காம். படிக்கிறாள். நான் பி.காம். என்று தெரிந்ததும் அக்கவுன்டன்ஸி புத்தகத்தோடு வந்துவிட்டாள். கெட்டிக்காரப் பெண். நன்றாகச் சிரிப்பாள். ஆனால், சிரிப்பு வருவதற்கு முன்னாலேயே அவள் இடது கை வாயை மூடிவிடும். முதலில் வெட்கம் என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் வேலை அப்ளிகேஷனுக்காக எடுத்த போட்டோக்களைக் காட்டினாள். ஒன்பது போட்டோ, ஒன்றில்கூட உதடு பிரியவில்லை.

“கொஞ்சம் சிரிச்சிருக்கலாமேம்மா?”

“வேணாம் சார். ஓசூர்ல இன்டர்வியூ. பல்லு வெளக்கற பழக்கமே இல்லாத பொண்ணுன்னு நினைச்சுக்குவாங்க.”

என்னிடம் பதில் இல்லை.

அவளுக்கு ஒரு தம்பி. பதினொரு வயசு. தெருவுக்கே கேட்கிற மாதிரி சிரிப்பான். பல்லெல்லாம் பளிச்! ஒரே அம்மா, ஒரே அடுப்பு, ஒரே களி. அக்கா 2005-ல் பிறந்தவள், தம்பி 2014-ல். நடுவில் வந்தது ஒரு குழாய்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தைத்தான் சொல்கிறேன். 2008-ல் அடிக்கல், 2013 மே மாசம் திறப்பு விழா. ஏறக்குறைய 1,928 கோடி ரூபாய், அதில் பெரும்பகுதி ஜப்பான் கடன். தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் காவேரியை மோட்டார் வைத்து மேட்டுக்கு ஏற்றினார்கள். எங்கள் பெரியப்பா வாசலில் சும்மா ஓடின காவேரி, இங்கே கடன் வாங்கி, கரண்ட் செலவழித்து, முறை வைத்து வீட்டுக்கு வருகிறது. அது வருகிற நாளில் எங்கள் தெருவில் கல்யாணக் களை!

பாடம் நடத்தும்போது அந்தப் பெண்ணே ஒரு தடவை கேட்டாள், “சார், என் பல்லை எந்த ஹெட்ல எழுதறது? டிப்ரிசியேஷனா?”

நான் யோசிப்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள். “இல்ல சார், ப்ரையர் பீரியட் ஐட்டம். போன வருஷங்களோட கணக்கு, இந்த வருஷம் தெரியுது.”

அக்கவுன்டன்ஸியில் இதைவிடச் சரியான என்ட்ரியை நான் பார்த்ததில்லை.

இரண்டாவது வருஷக் கோடையில் யாரோ ரோடு தோண்டினதில் குழாய் உடைந்தது. எட்டு நாள் தண்ணீர் இல்லை. கேன் தண்ணீருக்கும் அடிதடி. நாலாம் நாள் எங்கள் வீட்டுக் குடத்தில் தரை தெரிந்தது. சாயந்திரம் ஆயா வந்தார். கழுத்தைத் திருப்ப முடியாது அவருக்கு. திரும்ப வேண்டுமென்றால் மொத்த உடம்பையும் திருப்ப வேண்டும். அந்த உடம்போடு இடுப்பில் ஒரு சின்னக் குடம்.

“பைப்புத் தண்ணி. பாப்பாவுக்கு வெச்சுக்கோங்க.”

“உங்க வீட்டுல?”

“பையனுக்கு எடுத்து வெச்சிருக்குது. நான் போர் தண்ணி குடிச்சுக்குவேன். இனிமே எனக்குப் போறதுக்குப் பல்லு எங்க இருக்குது?” என்று பொக்கை வாயைக் காட்டிச் சிரித்தார்.

தகடூர் என்பது தர்மபுரியின் பழைய பெயர். தனக்குக் கிடைத்த அரிய நெல்லிக்கனியை ஔவைக்குக் கொடுத்த அதியமான் ஆண்ட ஊர். பள்ளிக்கூடத்தில் ஐந்து மார்க்குக்காக நெட்டுருப் போட்ட கதை, அன்றைக்குச் சின்னக் குடமாக என் சமையலறையில் உட்கார்ந்திருந்தது.

இப்போது மூன்று வருஷம் முடிந்துவிட்டது. ‘டிரான்ஸ்ஃபர் கேளுங்கள்’ என்று கும்பகோணத்திலிருந்து வாராவாரம் போன். மனைவி இன்னும் மனு எழுதவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

போன மாசம் மகளுக்கு முன்பல் விழுந்தது. வேறு ஊரென்றால் ‘மண்ணில் புதைத்தாயா, கூரையில் போட்டாயா’ என்று கேட்பதோடு சரி. எங்கள் தெருவில் அடுத்த பல் என்ன நிறத்தில் முளைக்கும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். போன ஞாயிற்றுக்கிழமை ஈறைக் கிழித்துக்கொண்டு அரிசி மாதிரி நுனி தெரிந்தது. ஆயா மகளைத் திண்ணையில் உட்கார வைத்து, செல்போன் டார்ச்சை அடிக்கச் சொல்லி, தன் மொத்த உடம்பையும் திருப்பித் திருப்பி ரொம்ப நேரம் பார்த்தார்.

“வெள்ளைதான்! காவேரிப் பல்லு!” என்று தீர்ப்பு சொன்னார்.

எல்லோரும் கை தட்டினோம். மகள் இருக்கிற பல்லையெல்லாம் காட்டினாள். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது ஆயாவின் பேத்திதான், இடது கையால் வாயை மூடிக்கொண்டு.